இரு தொழில் கற்ற கடுவன்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, விடைத்தாள்களைத் திருத்திக் களைத்த கண்களோடு நான் விறாந்தைக்கு வந்தேன். அங்கே ஐந்து பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றிக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ மந்திராலோசனை நடத்துகிறவர்களைப்போலத் தலைகளை நெருக்கிக்கொண்டிருந்தனர். நடுவில் இருந்தவன் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் என் தமக்கையின் மகன். மற்ற நால்வரும் நம்மூர்ப் பிள்ளைகள், என் மாணவர்கள். மேசைமீது கடதாசிகளும் பென்சில்களும் விசித்திரமான பகடைகளும் கிடந்தன. நாம் அறிந்த பகடைக்கு ஆறு முகங்கள். இங்கேயோ நான்கு முகம், எட்டு முகம், பத்து முகம், பன்னிரண்டு முகம், ஈற்றில் இருபது முகம் கொண்டவையும் இருந்தன.

“மாமா, நீங்களும் இருங்கோவன்” என்றான் மருமகன். ஆசிரியனுக்குக் கற்பிக்கக் கிடைக்கும் சந்தர்ப்பத்தை எந்தப் பிள்ளையும் நழுவ விடுவதில்லை. நானும் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டேன்.

விளையாட்டின் பெயர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதாம். நிலவறைகளும் டிராகன் என்னும் சிறகுடைய நாகங்களும் என்று பொருள் கொள்ளலாம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்க, 1974ஆம் ஆண்டில் முதன்முதலாக ஆயிரம் பிரதிகளே அச்சாகி வெளிவந்தது. இன்று உலகத்தின் பல மூலைகளிலும் பிள்ளைகளும் பெரியவர்களும் இதனை ஆடுகின்றனர். இதில் காய்களை நகர்த்தி வெல்வதும் தோற்பதும் பெரிதன்று. கதையைக் கூடிச் சொல்வதே ஆட்டம்.

நம்மவர்க்கு இதனை விளக்குவது கடினமன்று. கூத்துக்கு ஓர் அண்ணாவியார் இருப்பதுபோல இதற்கும் ஒருவர் உண்டு. ஊரையும் காட்டையும் கோட்டையையும் பகைவரையும் அவர் சொல்லால் எழுப்புவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒப்பனை இல்லை, உடுப்பு இல்லை, ஆட்டக் களரியும் இல்லை. “நான் கதவைத் தட்டுகிறேன்” என்று சொன்னால் தட்டியதாயிற்று. செயல் கைகூடுமா என்ற ஐயம் எழும் இடத்திலே இருபது முகப் பகடையை உருட்டவேண்டும். வந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணையும் கூட்டி, வேண்டிய அளவை எட்டினால் வெற்றி. ஆகவே முயற்சியும் விதியும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் நூலிலே பன்னிரண்டு தொழில்கள் உள்ளன. இந்தப் பிள்ளைகள் அந்த விதிகளின்படியே ஆடுகின்றனர். போர்வீரன், மந்திரவாதி, பாணன் என்று அவை விரியும். ஒவ்வொரு தொழிலுக்கும் இருபது படிகள். அனுபவம் பெருகப் பெருகப் பாத்திரம் ஒவ்வொரு படியாக ஏறும்.

அந்தப் பன்னிரண்டில் இரண்டு நம் கதைக்கு வேண்டியவை. ஒன்று, ஆங்கிலத்தில் ‘ரோக்’ என்று வழங்குவது. ஆட்டம் தொடங்கிய மறு ஆண்டிலே, 1975இல், கள்வன் என்ற பெயரோடு புகுந்த தொழில் இது. பதுங்குதல், பூட்டுத் திறத்தல், எதிரி அறியாத வேளை பார்த்து அடித்தல் ஆகியவை இவனுடைய வித்தைகள். கள்வருக்குத் துணையாகும் எட்டு வழிகளைச் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் அடுக்கிக் காட்டுவதை நாம் படித்திருக்கிறோம்; இடமும் காலமும் கருவியும் அவற்றுள் அடங்கும். ஆகவே பழந்தமிழில் உள்ள ‘கரவடன்’ என்ற சொல்லையே இவனுக்குச் சூட்டினேன்; பிள்ளைகள் அதனை உடனே ஏற்றுக்கொண்டனர். மற்றது ‘ட்ரூயிட்’. ஐரோப்பாவின் பழைய கெல்ற்றிய மக்களிடையே இருந்த குருமார்களின் பெயர் அது. யூலியஸ் சீசரும் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1976இல் ஆட்டக்காரர் ஏற்கத்தக்க தொழிலாக இது சேர்ந்தது. இந்த வனமுனிக்கு விலங்கு வடிவம் எடுக்கும் ஆற்றல் உண்டு.

நால்வருள் ஒருவன் இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் இணைத்திருந்தான். அதற்கு அவன் இட்ட பெயர் ‘கடுவன்’. பெரும்பாலும் பூனை வடிவிலேயே திரிவதால் அந்தப் பெயர். எட்டுப் படிகள் ஏறியிருந்த கடுவன், அவற்றுள் நான்கைக் கரவடனாகவும் நான்கை வனமுனியாகவும் பங்கிட்டிருந்தான்.

இந்தப் பையனைப்பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். அளவெட்டி எப்படிப்பட்ட ஊர் என்பது நேயர்கள் அறிந்ததே. என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் தெட்சணாமூர்த்தியின் தவிலும் கேட்டு வளர்ந்த மண் இது. பையனும் தவில்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவன். தந்தையாரோடு கோவில்களுக்குச் சென்று வாசிக்கிறான். பாடசாலையில் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கிறான். ஆறு மாதங்களுக்கு முன் ஒரு நாள் என்னிடம் வந்து, “சேர், இரண்டையும் கொண்டுபோகலாமோ?” என்று கேட்டான். நான் அப்போது ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். ‘ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்’ என்ற பழமொழியைச் சொல்லி, ஒன்றைத் தெரிந்தெடுக்கும்படி கூறி அனுப்பிவிட்டேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. அந்த மறுமொழியைத்தான் இந்த மேசையில் எழுதி வைத்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதே விளங்கியது.

இரு தொழில் ஏற்பதற்கு இந்த ஆட்டத்திலே திட்டமான கட்டுப்பாடுகள் உள. முதலாவது, தகுதி. ஒவ்வொருவருக்கும் வலிமை, லாகவம், உடலுறுதி, கூர்மதி, விவேகம், கவர்ச்சி என ஆறு இயல்புகள் எண்களால் குறிக்கப்படும். சாதாரண மனிதனுக்குப் பத்து. கரவடனும் வனமுனியுமாக விரும்புகிறவனுக்கு லாகவமும் விவேகமும் இரண்டுமே பதின்மூன்றுக்குக் குறையலாகாது. ஒன்றில் சிறந்து மற்றதில் மெலிந்தவனுக்கு வாசல் திறவாது.

இரண்டாவது, விலை. ஒரு தொழிலில் வைத்த படி மற்றத் தொழிலுக்கு உதவாது. எட்டுப் படிகளையும் வனமுனியாகவே ஏறியவன், எட்டாம் படியில் பறவை வடிவம் எடுக்கலாம். நாலும் நாலுமாகப் பிரித்தவனுக்கோ வனமுனியின் நாலாம் படியே உண்டு; நடக்கவும் ஏறவும் நீந்தவும் கூடுமேயன்றிப் பறக்க முடியாது. அதேபோல எட்டுப் படிகளையும் கரவடனாகவே ஏறியவன் மறைந்து அடிக்கும்போது நான்கு பகடைகளை மேலதிகமாக உருட்டுவான். நம் கடுவனுக்கு இரண்டே. இந்த நட்டம் பிரிக்கிற அன்று தெரியாது. பின்னொரு நாள், வேண்டிய வேளையில், தெரியவரும்.

கடுவனுக்கு அந்த நாள் அன்று மாலையே வந்தது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடல் நடுவே நிற்கும் பழைய கோட்டையை அந்த வாரத்திலே பார்த்துவிட்டு வந்திருந்தான் என் மருமகன். அண்ணாவியாராகிய அவன் அதுபோன்ற ஒரு கோட்டையையே கதையில் எழுப்பினான். உள்ளே ஒரு பெண் சிறையிருக்கிறாள். அவளை மீட்கவேண்டும். சுற்றிலும் கடல், மதிலோ உயரம்.

“கடற்காகமாய்ப் பறந்து போனால்?” என்றான் பையன்.

“உன்ரை வனமுனி இன்னும் நாலாம் படி. பறக்கேலாது.”

“மீனாய்ப் போனால்?”

“போகலாம். ஆனால் மதிலிலை எப்பிடி ஏறுவாய்?”

பையன் சிறிது நேரம் பேசாதிருந்தான். எட்டுப் படிகளையும் வனமுனிக்கே கொடுத்திருந்தால் இந்த வேலை ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவன் அதனை உணர்ந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, “கோட்டைக்கு மீன் கொண்டுபோற வள்ளம் வருமெல்லோ? அந்தக் கடகத்துக்குள்ளை பூனையாய்ப் படுத்துக்கொண்டு போறன்” என்றான்.

இங்கே விதிகளை இன்னும் சற்று நுணுகிப் பார்ப்போம். இந்த ஆட்டத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. விலங்கு வடிவம் எடுத்தவனுக்கு உடல் முழுவதும் அந்த விலங்கின் உடலே. வலிமை, லாகவம், உடலுறுதி ஆகிய மூன்றும் பூனைக்குரியவை. ஆனால் கூர்மதியும் விவேகமும் கவர்ச்சியும் அவனுடையனவாகவே நிற்கும். கற்ற திறமைகளும் கூடவே செல்லும், புதிய உடல் அவற்றுக்கு இடங்கொடுக்குமாயின். பூனையால் பேச முடியாது. ஆதலின் மந்திரம் சொல்ல முடியாது. கதவின் பூட்டைத் திறக்கக் கைவிரல் இல்லை. ஆனால் பதுங்கத் தெரிந்தவன் பூனையாகியும் பதுங்குவான். கரவடனுடைய பயிற்சி பூனையின் மெல்லடியோடு சேர, கடுவனின் பதுங்கல் திறமைக்கு எட்டு என்ற எண் கிடைத்தது. சாதாரணக் காவலனின் கண்ணுக்குத் தப்பப் பன்னிரண்டு போதும். எனவே பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் தப்பிவிடலாம். இருபது முறைக்குப் பதினேழு முறை வெற்றி.

பகடை உருண்டது. விழுந்தது இரண்டு! மேசையைச் சுற்றி ஒரே ஓலம்.

அண்ணாவியார் குரலை மாற்றிக்கொண்டான். “காவலன் உன்னைக் காணுறான். ‘சூ, போ பூனை’ எண்டு கலைக்கிறான்” என்றான். எல்லாரும் சிரித்துவிட்டோம். கடுவன் மனிதனாக வந்திருந்தாலும் அவன் எண் ஏறக்குறைய அதேதான். ஆனால் இரண்டு விழுந்த அந்த வேளையில் மனிதன் அகப்பட்டிருப்பான். பூனை அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாமலிருப்பது ஒன்று. கண்டும் ஐயுறாதபடி இருப்பது வேறொன்று. முன்னையது கரவடனின் கலை, பின்னையது வனமுனியின் கொடை. இரண்டும் ஒருவனிடத்திலே சேர்ந்ததன் பயன் அப்போது தெரிந்தது.

சிறைக்கூடத்து வாயிலில் இன்னொரு காவலன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பையனுக்கு உற்சாகம் மிகுந்துவிட்டது. “பின்னாலை பாய்ஞ்சு நகத்தாலை அடிக்கிறன். கரவடன்ரை மேலதிகப் பகடை இரண்டும் எனக்கு வரும்” என்றான்.

மருமகன் நூலைத் திறந்தான். மறைந்து அடிக்கும் வித்தைக்கு இலகுவாக வீசத்தக்க கூரிய படைக்கலமோ, வில் முதலிய தொலைவுப் படைக்கலமோ வேண்டும் என்று அதில் இருக்கிறது. பூனையின் நகம் அந்தக் கணக்கில் வராது. மேலதிகப் பகடைகள் இல்லையானால் பூனைநகம் விளைக்கும் சேதம் ஒரே ஒரு புள்ளிதான். பூனைக்கு உள்ள உயிர்ப்புள்ளிகளோ இரண்டு. காவலன் திரும்பி ஓர் உதை உதைத்தால் பூனை வடிவம் கலைந்து மனிதனாக விழவேண்டியதுதான்.

“இது அநியாயம்! கத்தி பிடிக்கிறதும் நான்தானே, நகம் வச்சிருக்கிறதும் நான்தானே” என்று வாதாடினான் பையன்.

“கத்தி வித்தை கத்தியோடை இருக்கு, பதுங்கிற வித்தை உன்னோடை இருக்கு” என்றான் மருமகன்.

பதினேழு வயதுப் பிள்ளை விளையாட்டாகச் சொன்ன அந்த வாக்கியத்தை நான் என் விடைத்தாள் கட்டின் ஓரத்திலே எழுதிக்கொண்டேன்.

கடுவன் காவலனைத் தாக்கவில்லை. கம்பிகளின் இடையால் நுழைந்து உள்ளே சென்று, சிறையிருந்த பெண்ணின் முன்னே மனித வடிவம் கொண்டான். அவளோ அலறத் தொடங்கிவிட்டாள்! பூனையொன்று மனிதனானால் யார்தான் அலறமாட்டார்?

இவ்வளவு நேரமும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தாயார் அப்போது வாசற்படிக்கு வந்தார். “ஒளிக்கிறதையும் விளையாட்டாய்ப் படிக்க வேணுமே, ராசா?” என்றார் பேரனைப் பார்த்து.

மேசை அமைதியாயிற்று. இந்த ஊரில் ஒளித்தல் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் வேறு பொருள் இருந்தது. பின்வளவில் பதுங்குகுழி வெட்டி, ஷெல் விழும் ஓசை கேட்டவுடன் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு அதற்குள் இறங்கிய தாய்மாருள் அவரும் ஒருவர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, நானும் ஒரு பள்ளி மாணவனாக, புத்தகப் பையோடு அந்தச் சனத்திரளில் நடந்தவன். எங்களுக்கு ஒளித்தல் வித்தையன்று. வயிற்றைக் கலக்கும் அச்சம். இப்பிள்ளைகளோ அதனை எண்ணாகவும் சிரிப்பாகவும் அறிகிறார்கள். அது நல்லதே என்று எண்ணிக்கொண்டேன்.

தாயார் போய்விடவில்லை. கதை என்னவென்று கேட்டறிந்தார். அறிந்தபின், “ஒளிக்கத் தெரிஞ்சவை கனபேர். வெளியிலை வந்து, ‘நான் இன்னார்’ எண்டு சொல்லி மற்றவையை நம்பப்பண்ணுறதுதான் கஷ்டம். அனுமார் என்ன செய்தவர்?” என்றார்.

பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை; நான் சொன்னேன். அனுமனும் இரு தொழில் கொண்டவனே. வேண்டிய வடிவம் எடுக்க வல்லவன். ஒற்றனாக மறைந்து திரியவும் வல்லவன். அவன் பொழுது சாயும்வரை காத்திருந்து, ஒரு பூனையளவாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு இலங்கைக்குள் புகுந்தான் என்பது வான்மீகியார் வாக்கு. மதிலைக் கடந்தான், காவலைக் கடந்தான், அசோகவனத்தை அடைந்தான். கடினமான வேலை அங்கேதான் தொடங்கிற்று. முன்பு தவசி வேடத்தில் வந்தவனால் வஞ்சிக்கப்பட்டவள் சீதை. இன்னொரு வேடதாரியை அவள் எவ்வாறு நம்புவாள்? எந்த மொழியில், எந்த முறையில் பேசினால் அவள் அஞ்சாதிருப்பாள் என்று மரத்தின் மேலிருந்து அனுமன் நெடிது சிந்திக்கிறான். பிறகு இராமனுடைய கதையைச் சொல்கிறான்; கணையாழியைக் கொடுக்கிறான். பதுங்கும் திறமும் உருமாறும் திறமும் அவனை அவளருகே கொண்டு சென்றன. அவளை நம்பச் செய்தது அவனுடைய சொல்வன்மையும் விவேகமும். எந்த வடிவத்திலும் அவனைவிட்டு நீங்காதவை அவை.

இதற்கு மறுதலையும் நம் கண்முன்னே உண்டு. கந்தசஷ்டியில் நம் கோவில் வீதிகளிலே சூரன் போர் நடக்கும்போது, சூரனின் தலையை மாற்றி மாற்றிப் பொருத்துவதைச் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறோம். ஆனைமுகம், சிங்கமுகம், பின் மாமரம், அதன்பின் சேவலும் மயிலும். கச்சியப்பர் பாடிய சூரனுக்கு வடிவங்களுக்குக் குறைவில்லை. ஆனால் எத்தனை வடிவம் எடுத்தும் அவனுள் இருந்தது ஒரே அகந்தைதான். உடல் மாறலாம், உள்ளம் தொடரும் என்ற ஆட்டவிதி அவனுக்கும் பொருந்துகிறது. தொடர்ந்து வந்ததுதான் தீயதாயிற்று.

அன்று கடுவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். பையன் சிந்தித்து, கோட்டைக்குப் புறப்படுமுன் அந்தப் பெண்ணின் தாய் சொல்லிய செய்தியொன்றை அவளுக்கு எடுத்துக் கூறினான். அவள் நம்பினாள். இருவரும் மீன்வள்ளத்திலே திரும்பினர். ஆட்டம் முடிய இரவு ஒன்பது மணியாயிற்று.

எனக்கு அன்றிரவு நித்திரை எளிதில் வரவில்லை. ‘ஆற்றிலே ஒரு கால்’ என்று நான் சொன்னது பிழையா? முற்றும் பிழையன்று. கடற்காகமாகப் பறக்க முடியாமல் நின்றானே, அந்த நட்டம் மெய்யானது. ஆனால் பையன் கேட்டது ஆமா, இல்லையா என்பதை. நான் அவனுக்குக் கொடுத்திருக்கவேண்டியது ஒரு கேள்வி. ‘ஒரு தொழிலிலிருந்து மற்றதற்கு மாறும்போது எது உன்னோடு வரும், எது கழன்று விழும்?’ என்று நான் அவனைக் கேட்டிருக்கவேண்டும்.

நம்மூரிலேயே இதற்குச் சான்றுகள் இருந்தும் நான் நினைக்கத் தவறினேன். மஹாகவி என்று நாம் போற்றும் து. உருத்திரமூர்த்தி (1927–1971) இம்மண்ணில் பிறந்தவர். எழுதுவினைஞராகத் தொடங்கி நிர்வாக சேவையில் உயர்ந்தவர். அந்த உத்தியோக வாழ்வினூடேயே ஈழத்துக் கவிதையின் போக்கை மாற்றினார். அ. ந. கந்தசாமியும் (1924–1968) அளவெட்டியாரே. கவிதை, சிறுகதை, விமர்சனம் என்று பல துறைகளில் எழுதியவர். ‘மதமாற்றம்’ என்ற நாடகத்தையும் ஆக்கினார். இவர்கள் ஒவ்வொரு துறைக்கும் வெவ்வேறு மனத்தைக் கொண்டு சென்றவர்களல்லர். மனிதரை உற்று நோக்கும் ஒரே கண்ணை எல்லாவற்றுக்கும் கொண்டு சென்றனர் என்று நான் எண்ணுகிறேன். இருவருமே ஐம்பது வயதை எட்டாமல் மறைந்தனர் என்பதையும் நினைக்கிறேன். இருபது படிகளும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை, கிடைத்தவற்றையே பங்கிடவேண்டும்.

மறுநாள் பையனை அழைத்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாட்களின் பின்னர் ஓர் அப்பியாசக் கொப்பியின் தாளோடு வந்தான். நடுவே கோடு கிழித்து இருபுறமும் எழுதியிருந்தான். ஒரு புறம், தவிலிலிருந்து கணிதத்துக்கு வருபவை: கணக்கு, மணிக்கணக்கில் இருந்து பழகும் பொறுமை, சபைக்கு அஞ்சாமை. மறுபுறம், வராதவை: விரற்கூடு, கழி பிடிக்கும் கையின் பலம்.

“விரற்கூடு கழன்றிடும், சேர். கணக்குக் கழறாது” என்றான். பிறகு தயங்கி, “ஆனால் மூன்று மாதம் வாசிக்காமல் விட்டால் கை மறந்திடும். பிறகு பிடிக்கிறது கஷ்டம்” என்றான்.

இது நான் எதிர்பாராத நேர்மை. பரீட்சையோ நெருங்குகிறது, திருவிழாக்காலமோ தொடங்கிவிட்டது. தந்தையாரையும் கண்டு பேசினேன். அவர், “பரம்பரைத் தொழில் விடப்படாது, சேர், படிப்பும் விடப்படாது” என்றார். எல்லாத் தந்தையரும் சொல்வது அதுதான். கடுவனுடைய கதையை அவருக்கும் சொன்னேன். எட்டுப் படிகளை எவ்வாறு பிரித்தாலும் எட்டுத்தான் என்பதை அவர் தாளக்காரர் ஆகையால் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஈற்றில் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். பரீட்சை முடியும்வரை விடியற்காலையில் அரைமணி நேரம் மட்டும் சாதகம், கை மறவாதிருப்பதற்காக. எங்கள் கோவில் திருவிழாவில் மூன்று இரவுகள் மட்டும் வாசிப்பு. ஏனைய ஊர்களுக்குச் செல்வதில்லை. அதனால் அந்தக் குடும்பத்துக்கு வருமானத்தில் குறைவு உண்டு. தந்தையார் அதனை ஏற்றுக்கொண்டார். பையனுக்கும் இழப்பு உண்டு. அவன் வயதையொத்த வேறொரு பிள்ளை இந்த ஆண்டு எல்லாத் திருவிழாக்களிலும் வாசித்து அவனைவிட முன்னே போய்விடுவான். அதனை அவனே சொன்னான்.

பெற்றோருக்கும் மாணவருக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. பிள்ளை இரு துறைகளை விரும்பினால் பழமொழியைச் சொல்லி வாயை அடைக்கவேண்டாம். இரண்டுக்கும் வேண்டிய தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். எது கூட வரும், எது வராது என்று எழுதச் சொல்லுங்கள். என்றோ ஒரு நாள் மதிலின் கீழே நின்று, ‘பறக்க முடியவில்லையே’ என்று ஏங்கவேண்டி வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதன்பின்னும் பிள்ளை விரும்பினால், கணக்கை அவனே போட்டிருக்கிறான் என்பது பொருள்.

மருமகன் ரொறன்ரோவுக்குத் திரும்பிவிட்டான். போகுமுன் கடுவனுக்கு ஒன்பதாம் படி கிடைத்திருந்தது. அதனை எந்தத் தொழிலுக்கு வைப்பது என்று அவன் கேட்க, “சோதினை முடிய எழுதுறன்” என்று பையன் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டானாம்.

சென்ற வெள்ளிக்கிழமை, மூன்று இரவுகளில் முதலாவது இரவு. கோவில் வீதியில் நின்று கேட்டேன். தந்தையும் மகனும் எதிரெதிரே நின்று வாசித்தனர். விரைந்து சென்ற ஓரிடத்தில் பையனின் கை தளர்ந்தது. ஒரு சொல் தெளிவாக விழவில்லை. அரைமணி நேரச் சாதகத்தின் குறை அது; தந்தையார் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் கணக்குத் தளரவில்லை. சுற்றி வந்த தாளம் சமத்திலே சரியாக வந்து விழுந்தது. தந்தையார் தலையை அசைத்துவிட்டு அடுத்த ஆவர்த்தத்தை எடுத்துக்கொண்டார்.